வாசகர்கள் வேறு, வாக்காளர்கள் வேறு: கோலாலம்பூரில் நான் தேர்தலில் நின்ற கதை

தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. "உனக்கு யார் யாரு ஓட்டு போடுவாங்க, பேரு எழுதிக் காட்டு" என்று மட்டும் கேட்டார். நானும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதை படித்துவிட்டு அழைத்துப் பேசியவர்கள், நூல் வெளியீட்டுக்கு வந்து மொய் எழுதியவர்கள், கட்டுரையால் பிரச்சினை தீர்ந்தது என்று கை கூப்பியவர்கள் என்று எழுதிக்கொண்டே போனேன். 140 பேர் சேர்ந்தார்கள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டு, "இவங்கள்ல பாதிப் பேரு கிள்ளான்ல இல்ல இருக்காங்க?" என்றார். அந்தக் கேள்வியை அன்றைக்கே நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அந்த 140 பேரில் என் தொகுதியில் வாக்குரிமை உள்ளவர்கள் 11 பேர்தான் என்பது வேட்புமனுத் தாக்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் 19 ஆண்டுகள் நிருபராக இருந்தவள். இரண்டு சிறுகதைத் தொகுப்பும் ஒரு கட்டுரைத் தொகுப்பும் வந்திருக்கின்றன. அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்ததும் பத்திரிகையை விரித்து வைத்து, அண்ணா பத்திரிகை நடத்தியவர், கலைஞர் முரசொலி நடத்தியவர், எழுதத் தெரிந்தவனுக்குத்தான் மக்கள் மனசு தெரியும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பேனாவில் இருந்து அரசியலுக்குப் போவது ஒரே தெருவில் அடுத்த வீட்டுக்குப் போவது போலத்தான் தெரியும். 2007 நவம்பர் 25ஆம் தேதி, இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராப் இயக்கம் பேரணி நடத்திய நாள், விடியற்காலையில் பத்துமலை வாசலில் நிருபராக நின்றேன். கோயிலுக்குள் இருந்த கூட்டத்தின் மேல் தண்ணீரும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தபோது என் நோட்டு நனைந்து மை கரைந்தது. அடுத்த மார்ச் மாதம் நடந்த தேர்தலில் நாடே மாறியதைப் பார்த்தேன். இணையத்தில் எழுதிக்கொண்டிருந்த ஜெஃப் ஊய் அந்தத் தேர்தலில்தான் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். எழுதுகிறவர்கள் உள்ளே போகலாம் என்ற நினைப்பு அன்றைக்கு என் மனதில் விழுந்தது. 2019 தொடக்கத்தில், 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் நின்றுபோனபோது, எழுதி மட்டும் இனி என்ன ஆகப்போகிறது என்ற விரக்தியும் சேர்ந்துகொண்டது.

அப்பா சொன்ன கதையில் ஒரு பகுதியை நான் கவனிக்கவே இல்லை. அண்ணா கட்சி தொடங்கியது 1949இல். கட்சி முதன்முதலில் தேர்தலில் நின்றது 1957இல். 1962இல் அவரே காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆட்சிக்கு வந்தது 1967இல். நடுவில் இருந்த 18 ஆண்டுகளும் கிளை கிளையாக ஆள் சேர்த்த ஆண்டுகள். பத்திரிகை அந்தக் கிளைகளுக்குப் போய்ச் சேரும் கடிதமாக இருந்தது. என்னிடம் கடிதம் இருந்தது, வாங்கிப் படித்துவிட்டு வீடு வீடாகப் போக ஒரு கிளைகூட இல்லை. எழுதுகிற நண்பர்கள் அரசியலுக்குப் போவதைப் பற்றி யோசித்தால் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் நான் சுயேச்சையாக நிற்க நினைக்கவில்லை. 2020இல் ஒரு கட்சியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் தேடி வந்தார். "உங்கள மாதிரி ஆளுங்க நாடாளுமன்றத்துக்குப் போகணும் தங்கச்சி" என்றார். மனம் குளிர்ந்துவிட்டது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் அவர்களுக்காக நான் செய்த வேலையைக் கணக்குப் பார்த்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மலாயில் வரும் பத்திரிகைச் செய்திகளைத் தமிழாக்குவது, தலைவர்களுக்குத் தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து எழுதுவது, செராமா எனும் பிரச்சாரக் கூட்டத்துக்கு உரை எழுதித் தருவது என்று வாரத்துக்கு 15 மணி நேரம் போகும். ஒரு வெள்ளி (ரிங்கிட்) வாங்கவில்லை. கேட்கவும் கூச்சம். நாளைக்கு இவர்களோடுதானே நிற்கப்போகிறோம், கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். 2022 அக்டோபர் 10ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அன்று இரவு அந்த அண்ணனை அழைத்தேன். "மேலேர்ந்து பட்டியல் வரட்டும்" என்றார். பத்து நாள் கழித்து, அந்தத் தொகுதி கூட்டணியில் வேறு கட்சிக்குப் போய்விட்டது என்றார். அது எப்போதோ முடிவானது என்று பிறகு தெரிந்தது.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கே தெரியாமல்கூட இருந்திருக்கலாம். நம் நாட்டில் எந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கு என்பதைக் கூட்டணித் தலைமை பேசி முடிக்கிறது. கிளையில் இருப்பவர் கொடுக்கும் வாக்குறுதிக்கு அங்கே மதிப்பில்லை. யாராவது உங்களை அழைத்தால் மூன்று விஷயம் கேளுங்கள். இந்தத் தொகுதி கடந்த தேர்தலில் கூட்டணிக்குள் யாருக்குப் போனது? என்னைப் பற்றி முடிவு செய்யக்கூடியவர் யார், அவரை நான் நேரில் பார்க்க முடியுமா? எனக்கு முன்னால் இந்தத் தொகுதியில் 10 ஆண்டு, 15 ஆண்டு உழைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது. அப்படிக் காத்திருந்த ஓர் அக்கா என்னைக் கண்டால் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இரண்டு ஆண்டுகள் புரியாமலே இருந்திருக்கிறேன். அப்புறம், எழுத்து வேலைக்குக் கூலி கேளுங்கள். இலவசமாக எழுதித் தருகிறவரை அவர்கள் எழுத்தராகத்தான் பார்க்கிறார்கள். எழுத்தர் வேட்பாளர் ஆவதில்லை.

கோபத்தில் எடுத்த முடிவுதான் சுயேச்சையாக நிற்பது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது கோபமாகத் தெரியவில்லை, கொள்கையாகத் தெரிந்தது. கையில் ஓர் உதாரணமும் இருந்தது. 2018இல் இதே கோலாலம்பூரில், 'பத்து' என்ற தொகுதியில், 22 வயதுத் தமிழ்ப் பையன் பிரபாகரன் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார். அந்தச் செய்தியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அவர் எப்படி வென்றார் என்பதும் தெரியும். அங்கே நிற்க இருந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி வேட்பாளர் தியான் சுவாவின் வேட்புமனு தள்ளுபடியானதால், கூட்டணி தன் ஆட்கள் அனைவரையும் பிரபாகரன் பின்னால் நிறுத்தியது. ஒரு பெரிய இயந்திரம் ஓட்டுநரை இழந்து நின்றபோது அவர் ஏறி உட்கார்ந்தார். அதை என் கையாலேயே எழுதியும், நிற்பது என்று முடிவு செய்த இரவில் "சுயேச்சை வென்றார்" என்ற இரண்டு சொல் மட்டும்தான் மனதில் நின்றது. ஆசை வந்துவிட்டால் நிருபருக்கும் பாதிச் செய்திதான் கண்ணில் படும்.

இனி பெயர்ப் பட்டியல் கதை. வேட்புமனுவில் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும். எனக்கு முன்மொழிய என் நெருங்கிய எழுத்தாளத் தோழி தயாராக இருந்தார். 20 ஆண்டாக எங்கள் பக்கத்துத் தாமானில்தான் (குடியிருப்புப் பகுதியில்தான்) குடியிருக்கிறார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று தேர்தல் ஆணையத்தின் இணையத்தில் அவருடைய அடையாள அட்டை (ஐசி) எண்ணைத் தட்டினேன். தெலுக் இந்தான் என்று வந்தது. அவர் அப்பா வீட்டு முகவரி. மாற்றவே இல்லை. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நோட்டை எடுத்து ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டேன். சுங்கைப் பட்டாணி, பாகான் செராய், ரவாங், கிள்ளான், சிரம்பான். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நம் மக்களில் எவ்வளவோ பேருக்கு அடையாள அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரிதான், ஊர் முகவரிதான். 2021 டிசம்பரில் இருந்து 18 வயதானால் தானாகவே வாக்காளர் ஆகிவிடுகிறோம், ஆனால் எந்தத் தொகுதி என்பதை அடையாள அட்டை முகவரிதான் சொல்கிறது. என்னை நேசித்த வாசகர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஒரு பத்திரிகைக்கு அது பலம். ஒரு தொகுதியில் நிற்பவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கடைசியில் வழிமொழிந்தவர் எங்கள் மாடியில் மூன்று வீடு தள்ளி இருக்கும் சீன ஆன்ட்டி. அவர் என் எழுத்தை ஒரு வரிகூடப் படித்ததில்லை. லிஃப்டில் தினமும் சிரித்துப் பேசிய பழக்கம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் புனைபெயரில் எழுதுகிறவள். வாக்குச்சீட்டில் வந்தது அடையாள அட்டைப் பெயர். "அக்கா, சீட்டுல உங்க பேரையே காணோமே" என்று வாக்களித்துவிட்டு வந்த ஒரு பையன் அழைத்துச் சொன்னான். அவன் யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. புனைபெயரில் அறியப்பட்டவர்கள் நிற்பதாக இருந்தால் ஓராண்டு முன்பே இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டு எழுதத் தொடங்குங்கள்.

பணக் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 வெள்ளி. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது போய்விடும். பிரச்சாரப் பொருள்களுக்கு இன்னொரு 5,000 வெள்ளி கட்ட வேண்டும். தேர்தல் முடிந்து 14 நாளுக்குள் நம் பதாகைகளையும் கொடிகளையும் கழற்றிச் சுத்தம் செய்தால் அது திரும்பக் கிடைக்கும். துண்டறிக்கை அச்சடிக்க 9,600. பதாகை, கம்பு, கட்டும் கூலி 6,200. ஒலிபெருக்கி, மண்டப வாடகை 4,300. வேன், பெட்ரோல் 3,100. உடன் வந்த பிள்ளைகளுக்கு 14 நாள் சாப்பாடு, தண்ணீர் 3,800. சமூக ஊடக விளம்பரம் 1,500. சில்லறைச் செலவு 1,900. இதோடு மறு அச்சுக்கு 1,150. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். திரும்பி வந்த 5,000 போக, மொத்தம் 41,550 வெள்ளி போனது. பணம் வந்த வழி: என் சேமிப்பு 18,000. அந்த ஆண்டு ஏப்ரலில் ஊழியர் சேமநிதியில் இருந்து சிறப்பு அனுமதியில் எடுத்து அம்மாவின் கண் சிகிச்சைக்கு வைத்திருந்த 10,000. ஈப்போவில் இருக்கும் அண்ணனிடம் கடன் 8,000. வாசகர்கள் அனுப்பியது 6,200. அம்மாவின் இரண்டு வளையலை அடகுக்கடையில் வைத்து 4,500. சட்டம் ஒரு நாடாளுமன்ற வேட்பாளர் 200,000 வெள்ளி வரை செலவு செய்ய அனுமதிக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாம் ரொம்பச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் கண் சிகிச்சை ஒன்பது மாதம் தள்ளிப்போனது. அதை எழுதும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நிற்க ஆசை இருந்தால், போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வைத்தியப் பணத்தில் கை வைக்காதீர்கள், எந்தக் கொள்கைக்காகவும்.

அச்சு விஷயத்தில் நடந்தது எனக்குப் பெரிய அவமானம். அக்டோபர் 24 தீபாவளி, நவம்பர் 5 வேட்புமனுத் தாக்கல். நடுவில் 12 நாள். அச்சகங்களில் எல்லாக் கட்சி வேலையும் குவிந்து கிடந்தது. அவசரத்தில் 3,000 தாளை வாங்கி வந்து வீட்டில் அடுக்கினோம். என் தேர்தல் முகவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, அச்சிட்டவர் பேரு, வெளியிட்டவர் பேரு, முகவரி எங்கே?" என்றார். இல்லை. தேர்தல் குற்றச் சட்டப்படி அது இல்லாமல் விநியோகிக்கக் கூடாது. 19 ஆண்டு பத்திரிகையில் இருந்து, தினமும் கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். அன்று இரவு அந்த 3,000 தாளையும் கட்டி மூலையில் வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். அந்த ஆசிரியர் மட்டும் இல்லையென்றால் அடுத்த நாள் அதை வீதியில் கொடுத்திருப்பேன். தேர்தல் முகவராக உங்களுக்குப் பிடித்தவரைப் போடாதீர்கள். எழுத்துக்கு எழுத்து படிக்கிறவரை, உங்களிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடியவரைப் போடுங்கள்.

வேட்புமனுத் தாக்கல் காலை 9 மணி முதல் 10 வரை, ஒரே ஒரு மணி நேரம். பாரங்கள் (படிவங்கள்) மூன்று பிரதி, சத்தியப் பிரமாணம், பணம் கட்டிய ரசீது, எல்லாம் முந்தைய வாரமே சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆணைய அதிகாரிகள் முன்கூட்டியே பார்த்துத் திருத்தம் சொல்கிறார்கள், அந்த உதவியைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எனக்கு இதில் மட்டும் பயம் இருந்தது, அது நல்லதாகப் போயிற்று. 2018இல் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் டாக்டர் ஸ்ரீராம் நுழைவு அட்டை இல்லையென்று வாசலிலேயே தடுக்கப்பட்டு, எதிர் வேட்பாளர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். பிறகு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. அதை நினைத்து நாங்கள் ஏழு மணிக்கே போய் வாசலில் நின்றோம். பிரச்சினை இல்லாமல் முடிந்தது.

அதன் பிறகு 14 நாள். நவம்பர் மழை. மாலை நாலு மணிக்கு வானம் இருட்டும், ஐந்து மணிக்குக் கொட்டும், செராமாவுக்குப் போட்ட நாற்காலிகளைக் கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்டு நிற்போம். காவல் துறை அனுமதி வாங்கிய இடத்தையும் நேரத்தையும் மழைக்காக மாற்றிக்கொள்ள முடியாது. பெரிய கட்சிகளுக்கு ஒரே இரவில் நாலு இடம், நமக்கு ஒன்று. அது மழையில் போனால் அந்த நாளே போனது. செராமாவை நம்பியதைவிட வீடு வீடாகப் போயிருக்க வேண்டும் என்பது ஒன்பதாம் நாள்தான் புரிந்தது.

அந்த ஒன்பதாம் நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பிபிஆர் அடுக்குமாடி, குறைந்த வருமானத்தாருக்கான அரசு வீடமைப்பு. மூன்று லிஃப்டில் ஒன்றுதான் ஓடியது. 14ஆம் மாடியில் ஒரு பாட்டி கதவைத் திறந்தார். 70 வயதுக்கு மேல் இருக்கும், கால் இரண்டும் வீங்கி இருந்தது. முன்பு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். என்னை உள்ளே உட்கார வைத்து, பிளாஸ்டிக் குவளையில் மைலோ கலக்கிக் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போக வேண்டும், லிஃப்ட் நின்றால் பேரன் முதுகில் சுமந்து இறக்குகிறான் என்றார். என் கை தானாகப் பைக்குள் போய் நோட்டையும் பேனாவையும் எடுத்தது. எத்தனை மாதமாக, யாரிடம் புகார் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுத ஆரம்பித்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எழுதுறது இருக்கட்டும் ஆத்தா. நீ செய்வியா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கோலாலம்பூரில் சட்டமன்றம் இல்லை. மாநகர் மன்றத்துக்கு 1960களில் இருந்தே தேர்தல் இல்லை, மேயரை நியமிக்கிறார்கள். அதனால் சாக்கடை, லிஃப்ட், குப்பை, வீட்டு வாடகை எல்லாமே நாடாளுமன்ற உறுப்பினர் தலையில்தான் விழுகின்றன. ஆனால் லிஃப்டைப் பழுது பார்க்கும் அதிகாரம் அவரிடம் நேரடியாக இல்லை. கடிதம் எழுதலாம், தொலைபேசியில் கெஞ்சலாம், கூட்டத்தில் சண்டை போடலாம். நான் அதுவரை பேசிய கூட்டங்களில் எல்லாம் தமிழ்ப்பள்ளி, குடியுரிமை, ஊடகச் சுதந்திரம் என்று தேசியப் பிரச்சினைகளைப் பேசியிருந்தேன். அவை முக்கியம் இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் 14ஆம் மாடிப் பாட்டிக்குத் தேசிய அரசியல் என்பது அந்த லிஃப்ட்தான். நிருபராக ஆயிரம் புகாரைக் கேட்டிருக்கிறேன். கேட்டேன், எழுதினேன், வெளியே வந்தேன். அடுத்து நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. வேட்பாளர் கேட்டால் அந்தக் கணமே பொறுப்பு கையில் ஒட்டிக்கொள்கிறது. உண்மையைச் சொன்னேன்: "ஜெயிச்சா தினமும் கேட்பேன் பாட்டி, எப்போ சரியாகும்னு என்னால சொல்ல முடியாது." அவர் தலையாட்டினார். எனக்கு வாக்களித்தாரா என்று தெரியாது. எழுத்தாளர்கள் வேட்பாளராக விரும்பினால், நிற்பதற்கு ஓராண்டு முன்பே இப்படி ஒரே ஒரு அடுக்குமாடியில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து முடிவு வரை கொண்டுபோய்ப் பாருங்கள். எந்த அலுவலகம், எந்த மேசை, எத்தனை கடிதம் என்று தெரிந்துவிடும். அந்தப் பொறுமை நமக்கு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பதினோராம் நாள் என் பழைய சிறுகதையில் இருந்து ஒரு பத்தியைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் பரப்பினார்கள். கதையில் குடிகாரக் கணவன் தன் மனைவியின் குடும்பத்தைப் பற்றிப் பேசும் வசனம் அது. கதை என்றே சொல்லாமல், "இந்த வேட்பாளர் நம் மக்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள்" என்று போட்டிருந்தார்கள். மலாய் மொழிபெயர்ப்பும் கூட வந்தது. நான் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். புனைவு என்றால் என்ன, பாத்திரக் கூற்று என்றால் என்ன என்று நான்கு பக்கம் எழுதினேன். ஒரு முழு நாள் போனது. யாரும் படிக்கவில்லை. துண்டறிக்கை வடிவமைத்த தம்பி சொன்னான், "அக்கா, அந்தக் கதையில மனைவி கடைசில என்ன சொல்றாங்களோ அதை மட்டும் ஒரே படமா போடுவோம்." போட்டோம். கொஞ்சம் அடங்கியது. நிற்பதற்கு முன் உங்கள் எழுத்து முழுவதையும் எதிரியின் கண்ணால் ஒரு தடவை படித்துவிடுங்கள். எந்தப் பத்தியை வெட்டி எடுப்பார்கள் என்று நீங்களே குறித்து, பதிலையும் ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக எழுதியதை அழிக்காதீர்கள். எனக்கு அந்த எண்ணம் ஒரு நிமிடம் வந்தது. அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இன்றும் வருத்தப்படுகிறேன்.

மொழியும் இடித்தது. என் மலாய் செய்தி மலாய், எழுதினால் பிழை இருக்காது, மேடையில் ஏறினால் அறிக்கை வாசிப்பது போல இருக்கும். மாண்டரின் சுத்தமாகத் தெரியாது. இந்த நகரத்தில் தமிழ் மட்டும் பேசி ஒரு தொகுதியையும் வெல்ல முடியாது.

நவம்பர் 19, சனிக்கிழமை. வாக்குச்சாவடியில் வாக்காளர்களை வயதுவாரியாகச் சாலுரான் எனும் வாக்களிப்பு அறைகளாகப் பிரித்திருப்பார்கள், மூத்தவர்கள் முதல் சாலுரானில், இளையவர்கள் கடைசியில். ஒவ்வொரு சாலுரானிலும் நம் முகவர் ஒருவர் உட்காரலாம், எண்ணும்போதும் இருக்கலாம், எண்ணி முடிந்ததும் 14ஆம் பாரத்தில் கையெழுத்திட்டுப் பிரதி வாங்கலாம். தொகுதி முழுக்க 100க்கும் மேற்பட்ட சாலுரான்கள். என்னிடம் இருந்தது 23 பேர். மாற்றி உட்கார ஆள் இல்லாததால் அவர்களில் சிலர் பசியாறாமல் காலையில் இருந்து மாலை வரை இருந்தார்கள். எண்ணிக்கையில் தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் என்ன நடந்தது என்று சொல்ல என் தரப்பில் ஆளே இல்லை என்பது வேட்பாளராக என் தவறு. ஆள் கணக்கைச் சாலுரான் எண்ணிக்கையில் இருந்து தொடங்குங்கள். வாக்கு 1,000ஐத் தொடவில்லை. இரவு பதினோரு மணிக்கு முடிவு தெரிந்துவிட்டது. அம்மா தூங்காமல் இருந்தார். "சரி, சாப்பிடு" என்றார். அந்த வாரம் யார் பிரதமர் என்று நாடே காத்திருந்தது, எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை இல்லை. 24ஆம் தேதி அன்வார் பதவி ஏற்றபோது நான் வேனில் இருந்து இறங்கி ஒரு விளக்குக் கம்பத்தில் என் பதாகையின் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தேன், 5,000 வெள்ளிக்காக.

தோற்ற பிறகும் வேலை முடிவதில்லை. அரசிதழில் முடிவு வெளியான 31 நாளுக்குள் செலவுக் கணக்கைச் சத்தியப் பிரமாணத்தோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஐந்து ஆண்டு போட்டியிட முடியாது. எங்களிடம் பாதிச் செலவுக்கு ரசீதே இல்லை. ரொட்டிச்சானாய் கடை, பெட்ரோல், கயிறு விற்ற கடை என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்க் கேட்டேன். முதல் நாளே ஒரு காலணிப் பெட்டியை வாசலில் வைத்து, ரசீது போடாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

வேலைதான் கடைசி அடி. நிற்பதற்காகப் பதவி விலகியிருந்தேன், அது முறை. திரும்பக் கேட்டபோது ஆசிரியர் அன்பாகத்தான் பேசினார். "அரசியல் செய்திக்கு இனி உங்களைப் போட முடியாதும்மா. நீங்க யாரைக் கேள்வி கேட்டாலும், இவங்க அந்தப் பக்கம்னு சொல்லிடுவாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். 19 ஆண்டு சேர்த்தது அந்த நடுநிலைப் பெயர்தான். அதை வைப்புத்தொகையாகக் கட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது மொழிபெயர்ப்பு வேலையும் ஒரு வாரப் பத்தியும் செய்கிறேன். அண்ணன் கடனை அடைத்துவிட்டேன், வளையல் திரும்பி வந்துவிட்டது, அம்மாவின் கண்ணும் நன்றாக இருக்கிறது. அந்த 14ஆம் மாடிக்கு மாதம் ஒரு முறை போகிறேன். முதல் ஆறு மாதத்தில் 17 கடிதம் எழுதினேன், பாட்டியின் பேரனோடு சேர்ந்து. இரண்டாவது லிஃப்ட் ஓட ஆரம்பித்தது.

போன மாதம் ஓர் இளம் நிருபர் அழைத்தார். இரண்டு கவிதைத் தொகுப்பு போட்டவர், நன்றாக எழுதுவார். அடுத்த தேர்தலில் நிற்கலாம் என்று யோசிக்கிறாராம், கோலாலம்பூரில். என்னிடம் கொள்கை அறிக்கை பற்றிக் கருத்துக் கேட்டார்.

"ஐசில முகவரி எங்க இருக்கு தம்பி?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாப்பா, அக்கா. அம்மா வீடு" என்றார்.